மனுவும் போட்டாச்சு, கையெழுத்தும் போடலாமா பாஸ்டர்?

இந்த வாரம் கடிதம் கோத்தகிரி பக்கத்துல இருந்து. எழுதினவர் ஒரு சின்ன சபையோட போதகர், வயசு 38, சபையில மொத்தமே 70 குடும்பம், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஆளுங்க, அதுலயும் பாதிப் பேரு சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க. பேரு, ஊரு, அடையாளம் எல்லாம் எடுத்துட்டேன். நாலு பக்கம் எழுதியிருக்காரு, சுருக்கிச் சொல்றேன்.

போன தேர்தலப்போ ஒரு வேட்பாளர் ஞாயித்துக்கிழமை ஆராதனை நடுவுல சபைக்குள்ள வந்தாராம். மூப்பர் ஒருத்தர் அவரை முன்னாடி உக்கார வெச்சு, மைக்கைக் கையில குடுத்து, பேசி முடிச்சதும் "பாஸ்டர், தலையில கை வெச்சு ஜெபிங்க"ன்னுட்டாரு. இவரும் எல்லார் முன்னாடியும் எப்படி மறுக்கறதுன்னு ஜெபிச்சுட்டாரு. அதோட நின்னிருந்தா கூட பரவால்ல, மூப்பர் மைக்கை வாங்கி "இவருக்கு ஓட்டுப் போடலேன்னா ஆண்டவர்கிட்ட கணக்கு சொல்லணும்"னு ஒரு வார்த்தையையும் விட்டுட்டாரு. அடுத்த வாரம் சபைக்கு புது சவுண்ட் சிஸ்டம் வந்து இறங்குச்சு. அதே வேட்பாளர் அதே வாரத்துல மாரியம்மன் கோயில்ல பரிவட்டம் கட்டிக்கிட்டாரு, பள்ளிவாசல் வாசல்ல தொப்பி போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு.

இது நடந்ததுல இருந்து போதகருக்கு தூக்கம் இல்ல. கோயில் பூசாரி, பள்ளிவாசல் ஹஜ்ரத், இவரு, மூணு பேரும் டீக்கடையில பேசிப் பேசி ஒரு கூட்டறிக்கை எழுதலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. எங்க மேடைக்கு எந்தக் கட்சிக்காரரும் வரக்கூடாது, அரசு விழாவுல எந்த மதச் சடங்கும் வேணாம், அரசாங்க ஆபீஸ்ல சாமி படம் வேணாம், அரசுப் பணம் எந்த வழிபாட்டு இடத்துக்கும் போகக்கூடாது, திருவிழாவுக்கு உள்ளூர் லீவு விடறதையும் நிறுத்தணும். இத மூணு பேரும் கையெழுத்து போட்டு கலெக்டர்கிட்ட குடுத்துட்டு, அடுத்த ஞாயிறு சபையிலயும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்லயும் வாசிக்கணும்னு திட்டம்.

சபைக்குள்ள எதிர்ப்பு. "மதமும் அரசும் தனின்னு பேசறது சாமி இல்லேன்னு சொல்றவங்க பேச்சு, பாஸ்டர் ஏன் பேசணும்?"னு ஒரு குரூப். இன்னொரு குரூப் சொல்றதுதான் அவரைக் குத்துது. சபைக் கட்டடம் ஒழுகுதுன்னு அரசோட தேவாலயப் புனரமைப்பு நிதிக்கு மனு போட்டு, அது இன்னும் பரிசீலனையில இருக்கு. "ஒரு கையால வாங்கிக்கிட்டு இன்னொரு கையால வேணாம்னு எழுதுவீங்களா?"ங்கறாங்க. அவரோட கேள்வி: நான் கையெழுத்து போட்டா சட்டப்படி ஏதாவது ஆகுமா, மனு கேன்சல் ஆகுமா, மதமும் அரசும் தனின்னு அரசியல் சாசனமே சொல்லுதே அப்புறம் இவங்க ஏன் மீறறாங்க, கோர்ட்டுக்குப் போகலாமா?

பாஸ்டர், உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். தப்பு பண்ணவங்க பட்டியல்ல உங்க பேரையும் சேர்த்து எழுதியிருக்கீங்களே, அதனாலதான் இவ்வளவு நீளமா பதில் எழுதத் தோணுச்சு. நான் குன்னூர்ல 27 வருஷமா வக்கீலா இருக்கேன், தேர்தல் வந்தா எந்தெந்த வாசல்ல செருப்பு கழட்டறாங்கன்னு பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. பச்சைத் தேயிலைக்கு கிலோவுக்கு என்ன விலை வாங்கித் தருவீங்கன்னு கேட்டா பதில் வராது, ஜெபத்துக்கும் பூஜைக்கும் மட்டும் மொத ஆளா நிப்பாங்க.

சாமி இல்லேங்கறவங்க பேச்சா இது?

மொதல்ல உங்க சபை ஆளுங்க சொன்னதுக்கு வர்றேன், ஏன்னா உங்களுக்கே உள்ளுக்குள்ள அந்த சந்தேகம் கொஞ்சம் இருக்குன்னு எழுத்துல தெரியுது. இந்தக் கோரிக்கையை உலகத்துல சத்தமா எழுப்பினவங்கள்ல முக்கியமானவங்க போதகருங்கதான். ரோஜர் வில்லியம்ஸ்னு ஒரு போதகர், மாசசூசெட்ஸ் காலனியில இருந்து துரத்தப்பட்டு 1636-ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல போய் ஊரை உண்டாக்கினவரு. சபைங்கற தோட்டத்துக்கும் உலகம்ங்கற காட்டுக்கும் நடுவுல ஒரு வேலி இருக்கணும்னு 1644-லயே எழுதினாரு. கவனிங்க, அவரு வேலி கேட்டது அரசைக் காப்பாத்த இல்ல, தோட்டத்தைக் காப்பாத்த. கோத்தகிரிக்காரருக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல, காட்டெருமை உள்ள பூந்துட்டா கேரட்டும் பீன்ஸும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், அது கெட்ட மிருகம் கூட இல்ல, அதோட சைஸுக்கு தோட்டம் தாங்காது, அவ்வளவுதான்.

அப்புறம் கனெக்டிகட் மாநிலத்துல டான்பரிங்கற ஊரு பாப்டிஸ்ட் சபைக்காரங்க. அங்க வேற சபை அரசு சபையா இருந்துச்சு, இவங்க சிறுபான்மை, அந்தச் சபைக்கான வரியில இருந்து விலக்கு வேணும்னா சர்டிபிகேட் காட்டணும். 1801-ல ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு கடிதம் எழுதினாங்க. எங்க மத சுதந்திரம் நீங்க இரக்கப்பட்டு குடுக்கற சலுகையா இருக்கு, உரிமையா இல்லைங்கறதுதான் அவங்க ஆதங்கம். 1802 ஜனவரி 1-ஆம் தேதி அவரு எழுதின பதில்லதான் அந்த பிரபலமான 'பிரிக்கும் சுவர்' வருது. ஆக சுவர் கட்டச் சொல்லி கதவைத் தட்டினது யாருன்னு பாத்தீங்கல்ல.

அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும், ஊட்டியில புனித ஸ்டீபன்ஸ் சர்ச் இருக்கே, 200 வருஷம் ஆகப் போற கட்டடம், கம்பெனி ஆட்சிக் காலத்து கவர்னர் முன்னின்று கட்டினது. வெள்ளைக்காரன் காலத்துல அந்த மாதிரி சர்ச் பாதிரியாருங்களுக்கு சம்பளம் அரசாங்க கஜானாவுல இருந்து போச்சு, அதாவது இந்துவும் முஸ்லிமும் கட்டின வரியில. பிஷப்பை யாருன்னு முடிவு பண்றது லண்டன். இது எங்களுக்கு அவமானம்னு பேசினதுல இங்க இருந்த பிஷப்புங்களே இருந்தாங்க. 1927-ல சட்டம் வந்து, 1930-ல இருந்து அந்த ஆங்கிலிகன் சபை, அதாவது இங்கிலாந்து அரசு சபையோட இந்தியக் கிளை, இங்கிலாந்து அரசோட கட்டு விட்டு தனியா நின்னுச்சு. அப்படி தனியா நின்னதாலதான் மத்த சபைகளோட சேர்றதா வேணாமான்னு அதுவே முடிவெடுக்க முடிஞ்சுது, 1947 செப்டம்பர்ல தென்னிந்திய திருச்சபை உருவாச்சு. திருநெல்வேலிச் சீமையில பிறந்து, ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பிஷப்பா 1912-ல பட்டம் வாங்குன வேதநாயகம் அசரியா, கிறிஸ்தவங்க மட்டும் ஓட்டுப் போடற தனி வாக்காளர் தொகுதி குடுக்கறதையே எதிர்த்தாரு. காந்தியை சாமி இல்லேங்கறவர்னு யாரும் சொல்ல மாட்டாங்க, 1947-ல சோமநாதர் கோயிலைத் திரும்பக் கட்டற பேச்சு வந்தப்போ, அரசுப் பணத்துல வேணாம், ஜனங்ககிட்ட வசூல் பண்ணிக் கட்டுங்கன்னு சொன்னவரு அவருதான்.

உங்க சபையில வயசான பாட்டிமாருங்க இருப்பாங்க. அவங்ககிட்ட கேளுங்க, இலங்கையில 1972 அரசியல் சாசனத்துல பௌத்தத்துக்கு முதன்மை இடம்னு எழுதினப்போ தோட்டத்து லயத்துல இருந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் அது எப்படி இருந்துச்சுன்னு. அரசாங்கம் ஒரு மதத்தை மடியில தூக்கி வெச்சுக்கிட்டா மத்தவங்க எங்க நிக்கறதுங்கறது அவங்களுக்கு பாடமா சொல்லித் தர வேண்டியதில்ல.

நம்ம சாசனத்துல சுவர் இல்ல

இப்ப உங்க பெரிய தப்பான எண்ணத்துக்கு வர்றேன். "அரசியல் சாசனம் மதமும் அரசும் தனின்னு சொல்லுது"ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு வரி அதுல எங்கயும் இல்ல பாஸ்டர். 1948 டிசம்பர்ல கே.டி. ஷாங்கற உறுப்பினர், அரசு மதச்சார்பற்றது, அதுக்கு எந்த மதத்தோடவும் சம்பந்தம் இருக்காதுன்னு ஒரு பிரிவே சேர்க்கச் சொன்னாரு, அரசியல் நிர்ணய சபை அதைத் தள்ளிடுச்சு. முகவுரையில 'மதச்சார்பற்ற'ங்கற வார்த்தை வந்தது 1976-ல. 1994-ல, கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை போட்ட வழக்குல மதச்சார்பின்மை சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்புன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது நிஜம், ஆனா அது அமெரிக்கா மாதிரி சுவர்னு அர்த்தம் இல்ல. எல்லா மதத்தையும் ஒரே தூரத்துல, இல்லேன்னா ஒரே நெருக்கத்துல வெச்சுக்கணும்ங்கறதுதான் நம்ம ஊரு வழி.

25-வது பிரிவு உங்களுக்கு வழிபட, பிரசங்கம் பண்ண உரிமை குடுக்குது, அதே பிரிவே மதத்தோட ஒட்டியிருக்கற பண, சொத்து, அரசியல் விஷயங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம்னும், இந்துக் கோயிலை எல்லா ஜாதிக்கும் திறந்து விட சட்டம் போடலாம்னும் சொல்லுது. அந்தக் கடைசி விஷயத்துல அரசு தலையிடலேன்னா பல பேரு இன்னைக்கும் கோயில் வாசல்லதான் நின்னிருப்பாங்க, அதை மறந்துட்டு "அரசே வெளிய போ"ன்னு மொட்டையா எழுதிடாதீங்க. எங்க மதம் எது, நிர்வாகம் எதுன்னு கோடு போடற வழக்கே நம்ம மாகாணத்துலதான் ஆரம்பிச்சுது, 1954 ஷிரூர் மடம் வழக்கு, ஒரு மடாதிபதி மெட்ராஸ் அறநிலையக் கமிஷனரை எதிர்த்துப் போய் பாதி ஜெயிச்சாரு. இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க: 290A-ன்னு ஒரு பிரிவு, அதுப்படி தமிழ்நாடு அரசு வருஷா வருஷம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபா, திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து 1956-ல நம்ம பக்கம் வந்த பகுதி இந்துக் கோயிலுங்க பராமரிப்புக்கு தேவஸ்வம் நிதிக்குக் கட்டியே ஆகணும். சாசனத்துலயே எழுதியிருக்கு! இதை வெச்சுக்கிட்டு 'சுவர்'னு வாதாடப் போனா ஜட்ஜ் சிரிப்பாரு.

அதனால கோர்ட்டு யோசனையை விடுங்க. அரசு விழாவுல பூமி பூஜை போடறதை எதிர்த்து குஜராத் ஹைகோர்ட்டுல ஒருத்தர் பொதுநல வழக்கு போட்டாரு, அதுவும் அந்த ஹைகோர்ட்டு கட்டடத்துக்கு நடந்த பூமி பூஜையையே எதிர்த்து. 2011-ல தள்ளுபடி, மேல 20,000 ரூபா அபராதம். உங்க சபை ஒழுகற கூரைக்கு அந்தக் காசு உதவும்.

மைக் விஷயத்துல மாட்டறது நீங்கதான்

நீங்க பயப்பட வேண்டியதுக்கு பயப்படாம, வேண்டாததுக்கு பயப்படறீங்க. அறிக்கையில கையெழுத்து போடறது குத்தம் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை நடந்தது குத்தம்.

1988-ல பஞ்சாப் பிரச்சனை உச்சத்துல இருந்தப்போ மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, மத நிறுவனங்களைத் தவறா பயன்படுத்தறதைத் தடுக்கற சட்டம். கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா, மடம் எல்லாத்துக்கும் ஒண்ணு. வழிபாட்டு இடத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்த விடவும் கூடாது, உங்க பேர்ல நடக்கற திருவிழா, ஊர்வலம், கூட்டத்துக்கும் இதே கதைதான். மீறினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபா வரைக்கும் அபராதம். இதுல யாரை நோக்கி மொதல்ல விரல் நீட்டுதுன்னு பாருங்க, 'நிர்வாகி'யை, அப்புறம்தான் அந்த மீறல்ல சம்பந்தப்பட்ட மத்தவங்களை. நிர்வாகின்னா அந்த இடத்தோட காரியங்களை நடத்தற எல்லாரும், பூசாரியோ போதகரோ இமாமோ பேரு என்னவா இருந்தாலும். அது மட்டும் இல்ல, இப்படி ஒண்ணு நடந்தாலோ நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சாலோ போலீஸுக்குத் தகவல் சொல்ற கடமையும் உங்க தலையிலதான். பஞ்சாயத்து எலெக்‌ஷன் வேட்பாளருக்கும் பொருந்தும். தேர்தல் நடத்தை விதி அமல்ல இருக்கற அந்த சில வாரத்துக்கு மட்டும்தான் இதெல்லாம்னு பல பேரு நினைக்கறாங்க. தேர்தல் கமிஷன் நடத்தை விதியில வழிபாட்டு இடத்தை பிரச்சார மேடையா ஆக்கக் கூடாதுன்னு இருக்கறது தனி, இந்தச் சட்டம் வருஷம் 365 நாளும் உண்டு.

மூப்பர் விட்ட வார்த்தை அதை விட மோசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(2): இன்னாருக்கு ஓட்டுப் போடலேன்னா தெய்வக் கோபத்துக்கு ஆளாவேன்னு வாக்காளரை நம்ப வெக்கறது முறையற்ற செல்வாக்கு, ஊழல் நடவடிக்கை. 123(3), மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேக்கறது. இதுல வேட்பாளரோட மதம் மட்டுமா, ஓட்டுப் போடறவங்க மதமும் சேருமான்னு ரொம்ப நாளா இழுபறி இருந்து, 2017 ஜனவரி 2-ஆம் தேதி அபிராம் சிங் வழக்குல ஏழு நீதிபதி அமர்வு, நாலுக்கு மூணுன்னு, ரெண்டும் சேரும்னு சொல்லிடுச்சு. ஆனா வேட்பாளரோ அவரோட ஏஜெண்ட்டோ செஞ்சிருக்கணும், இல்ல அவங்க சம்மதத்தோட வேற யாராவது செஞ்சிருக்கணும், அதை நிரூபிக்கணும், முடிவு வந்த 45 நாளுக்குள்ள ஹைகோர்ட்டுல தேர்தல் மனு போடணும், நம்ம மாவட்டத்துக்கு அது சென்னை. உங்க விஷயத்துல அந்த 45 நாள் எப்பவோ போயிடுச்சு. அதனால பழசைக் கிளறி ஒருத்தரைப் பழி வாங்கலாம்னு யாராவது தூண்டினா கேக்காதீங்க. மூப்பரைக் கூப்பிட்டு வெச்சு இதை நிதானமா படிச்சுக் காட்டுங்க. வயசுல பெரியவரு, சபை நடுவுல வெச்சு அவமானப்படுத்த வேணாம், வீட்டுக்குப் போய் டீ குடிச்சுக்கிட்டே சொல்லுங்க.

ஒண்ணை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. போதகர் அரசியலே பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. நீங்க ஓட்டுப் போடலாம், தேர்தல்ல நிக்கவே நிக்கலாம், நம்ம நாட்டுல மடாதிபதி முதலமைச்சரா இருக்காரு, அரசியல் நிர்ணய சபையிலயே மெட்ராஸ்ல இருந்து போன ஜெரோம் டிசோசான்னு ஒரு சேசு சபை பாதிரியார் இருந்தாரு, குன்றக்குடி அடிகளார் மேல்சபையில இருந்தாரு. கத்தோலிக்கப் பாதிரியாருங்க இப்ப பதவிக்கு வர்றதில்லேன்னா அது அவங்க திருச்சபைச் சட்டமே, 1983-ல வந்தது, கூடாதுங்கறதாலதான், அரசு தடுக்கல. ஏழைக்கு நியாயம், சாராயம், ஜாதின்னு பிரசங்கத்துல பேசறதை யாரும் தடுக்கல. கட்சிக்கும் வேட்பாளருக்கும் உங்க கட்டடத்தையும் மைக்கையும் ஜெபத்தையும் குடுக்கறதுதான் பிரச்சனை.

இங்கதான் உங்க திட்டத்துல ஒரு ஓட்டை. அந்த 1988 சட்டத்துல 'அரசியல் செயல்பாடு'ங்கறதுக்கு ரொம்ப அகலமான அர்த்தம், அரசியல் தன்மை உள்ள ஒரு கோரிக்கைக்காக கூட்டம் போடறது கூட அதுல வரும். அப்போ 'அரசும் மதமும் பிரியணும்'ங்கற அறிக்கையையே சபையிலயும் பள்ளிவாசல்லயும் வாசிச்சீங்கன்னா, உங்களைப் பிடிக்காதவன் அதே சட்டத்தை எடுத்து உங்க மேலயே திருப்பலாம். கேஸ் நிக்குமா நிக்காதான்னு அப்புறம் பாத்துக்கலாம், ஆனா ஸ்டேஷன் வாசல்ல நிக்க வேண்டியது நீங்க மூணு பேரும். அதனால கல்யாண மண்டபமோ, லைப்ரரி ஹாலோ, ஒரு பொது இடம் பிடிங்க, சபை பேரை லெட்டர்பேடுல போடாம மூணு தனி மனுஷங்களா கையெழுத்து போடுங்க. சபையில 'நம்ம மேடைக்கு எந்த வேட்பாளரும் இல்ல'ன்னு கமிட்டித் தீர்மானம் போட்டு நோட்டீஸ் ஒட்டலாம், அது உங்க நிர்வாக முடிவு, அதுல எந்த வம்பும் இல்ல. அரசு வேலையில இருக்கற சபை ஆளுங்களை எதுலயும் கையெழுத்து போட வைக்காதீங்க, டீச்சரோ ஈபி லைன்மேனோ யாரா இருந்தாலும் ஊழியர் நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு, உங்க ஆர்வத்துக்கு அவங்க மெமோ வாங்க வேணாம்.

ரிப்பேர் பணம்

இதுக்குத்தான் நீங்க பதில் எதிர்பாக்கறீங்கன்னு தெரியும். சட்டம் சின்ன விஷயம். 27-வது பிரிவு சொல்றது, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கறதுக்குன்னே ஒதுக்கின வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கறது. ஹஜ் மானியத்தை எதிர்த்து வந்த வழக்குல 2011-ல சுப்ரீம் கோர்ட்டு, பொது வரியில ஒரு சின்னப் பங்கு போறதால 27-ஐ மீறினதா ஆகாதுன்னு சொல்லிடுச்சு. ஆக தேவாலயப் புனரமைப்பு நிதி சட்டப்படி சரி, நீங்க வாங்கறது தப்பில்ல. அறிக்கையில கையெழுத்து போட்டீங்கங்கற காரணத்துக்காக மனுவை நிராகரிக்கவும் முடியாது, கட்டடம் எத்தனை வருஷப் பழசு, பதிவு இருக்கா, வெளிநாட்டுப் பணம் வாங்கினீங்களான்னு அந்தத் திட்டத்துக்கு தனி நிபந்தனை இருக்கு, கருத்து என்னங்கறது அதுல இல்ல. நடைமுறையில ஃபைலு மெதுவா நகருமான்னு கேட்டா, நான் 27 வருஷமா கலெக்டர் ஆபீஸ் படி ஏறினவ, பதில் உங்களுக்கே தெரியும்.

ஆனா நீங்க கேட்டது சட்டம் இல்லையே. வாங்கிக்கிட்டே வேணாம்னு எழுத அருகதை இருக்கான்னு கேட்டீங்க. இதே இக்கட்டுல நின்னவங்க கதை ஒண்ணு இருக்கு. 1784, 85-ல வர்ஜீனியாவுல கிறிஸ்தவப் போதகருங்க எல்லாருக்கும் சம்பளம் குடுக்க பொது வரி போடலாம்னு மசோதா வந்துச்சு, ஒரு சபைக்கு மட்டும் இல்ல, பாப்டிஸ்ட்டுக்கும் பங்கு உண்டு. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடிதான் லைசென்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணாங்கன்னு அவங்க போதகருங்க ஜெயில்ல இருந்தாங்க, இப்ப அரசே காசு தர்றேங்குது. வேணாம்னுட்டாங்க! ஊரு ஊரா கையெழுத்து வாங்கி மனு அனுப்பினாங்க, மசோதா செத்துப் போச்சு, அதுக்கு பதிலா 1786-ல மத சுதந்திரச் சட்டம் வந்துச்சு. நம்ம நாட்டுலயே ஹஜ் மானியத்தை நிறுத்துங்க, அந்தக் காசுல எங்க பொண்ணுங்களைப் படிக்க வைங்கன்னு பல முஸ்லிம் தலைவருங்க சொன்னாங்க. 2012-ல சுப்ரீம் கோர்ட்டு பத்து வருஷத்துல படிப்படியா நிறுத்தச் சொன்னப்போ, வசதி இருக்கறவங்களுக்குத்தான் ஹஜ் கடமைங்கற குர்ஆன் வசனத்தையே தீர்ப்புல எடுத்துப் போட்டாங்க, 2018-ல மானியம் நின்னுச்சு. உங்க ஹஜ்ரத்கிட்ட கேளுங்க, இத உங்களை விட நல்லா சொல்வாரு.

இதனால நீங்களும் மனுவை வாபஸ் வாங்கணும்னு சொல்றேனா? இல்ல. அது நீங்க தனியா எடுக்கற முடிவு இல்ல, மழைக்கு பக்கெட்டு வெக்கற அந்த 70 குடும்பத்தோட முடிவு. எனக்குத் தோணறதைச் சொல்றேன்: ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. மனு இருக்கட்டும்னா, அறிக்கையில 'அரசுப் பணம் எந்த வழிபாட்டு இடத்துக்கும் போகக் கூடாது'ங்கற வரியை எடுத்துடுங்க, மத்ததுக்கு நேர்மையா கையெழுத்து போடலாம், ஏன்னா மேடையில வேட்பாளர் வேணாம்ங்கறதும் கூரைக்கு நிதி வேணும்ங்கறதும் ஒண்ணை ஒண்ணு இடிக்கல. அந்த வரி கண்டிப்பா இருக்கணும்னா, மனுவை எழுத்துல வாபஸ் வாங்கி, நகலை அறிக்கையோட இணைங்க. மனுவையும் வெச்சுக்கிட்டு அந்த வரியையும் வெச்சுக்கிட்டா, உங்க எதிராளிக்கு நீங்களே நோட்டீஸ் அடிச்சுக் குடுத்த மாதிரி.

அறிக்கையில எடுக்க வேண்டியது

உள்ளூர் லீவு வரியை இன்னைக்கே அடிங்க. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு கலெக்டர் நம்ம மாவட்டத்துக்கு லீவு விடறாரு, படுகர் ஜனங்க வெள்ளை உடுத்திக்கிட்டு பேரகணிக்குப் போற நாள். அது அவங்க முன்னோரைக் கும்பிடற நாள், இந்த மலையில அவங்க வரலாறு. கிறிஸ்துமஸுக்கு நாடு முழுக்க லீவு வாங்கற நாம அதைக் கேள்வி கேட்டா கேக்கறவன் காறித் துப்புவான். சட்டப்படியும் அதுல தப்பு இல்ல. நீங்க யோசிக்காம எழுதிட்டீங்கன்னு எனக்குப் புரியுது, ஆனா அந்த ஒரு வரிக்காக மத்த எல்லாமும் அடிபட்டுப் போகும்.

ஆபீஸ்ல சாமி படம்: 1968-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்பவே அரசு அலுவலகங்கள்ல இருக்கற சாமி படங்களைப் படிப்படியா எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க, அப்பவே பெரிய சண்டை. இன்னைக்கும் எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஆயுத பூஜைக்கு பொரி கடலை கிடைக்குது, பொய் சொல்வானேன், நானும் வாங்கித் தின்னிருக்கேன். இந்தக் கோரிக்கையை வெக்கலாம், ஆனா போதகரும் ஹஜ்ரத்தும் பேசினா ஊரு அதை வேற மாதிரி எடுத்துக்கும். நீங்க எழுதியிருக்கீங்க பாருங்க, பூசாரி சொன்னாருன்னு, "எங்க ஆத்தாவை தூசி புடிச்ச ஃபைலுக்கு நடுவுல ஆணி அடிச்சு மாட்டாதீங்க, அவளுக்கு வீடு இருக்கு"ன்னு. அந்த வரியை அவரு பேச்சாவே, அவரு பேருல, அறிக்கையில மொதல்ல போடுங்க. நீங்க அதுக்குக் கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.

இன்னொரு மதத்தையோ கட்சியையோ பேரு சொல்லி ஒரு வார்த்தை கூட வேணாம். வாட்ஸப்புல போடும்போது பசங்க தலைப்பு ஒண்ணு சேர்ப்பாங்க, எமோஜி சேர்ப்பாங்க, அங்கதான் வம்பு. பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு 196, 299-னு ரெண்டு பிரிவு, பழைய 153A, 295A-தான், சமூகங்களுக்கு இடையில பகையை மூட்டறது, மத உணர்வைப் புண்படுத்தறது. உங்க எண்ணம் நல்லதா இருந்தாலும் ஃபார்வர்டு பண்ணவன் சேர்த்த வரிக்கு உங்களைத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. அதனால பேப்பர்ல கையெழுத்து போட்ட அறிக்கையை போட்டோ எடுத்து அதை மட்டும் அனுப்புங்க, டைப் பண்ணி அனுப்ப வேணாம்.

கடைசியா அந்த சவுண்ட் சிஸ்டம். அதைப் பத்தி கடிதத்துல ஒரே வரியில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க, ஆனா நான் அங்கதான் ரொம்ப நேரம் நின்னேன். அந்தப் பெட்டி உள்ள இருக்கற வரைக்கும் நீங்க மண்டபத்துல என்ன பேசினாலும் ஊரு அதைத்தான் பாக்கும். கமிட்டியைக் கூட்டி, திருப்பிக் குடுக்கறதா தீர்மானம் எழுதி, மினிட்ஸ் புக்குல எல்லார் கையெழுத்தும் வாங்கி, ஜீப்புல ஏத்தி அவரு ஆபீஸ்லயே இறக்கிட்டு வாங்க. சண்டை வேணாம், நன்றின்னு ஒரு வரி எழுதியே குடுங்க. வாங்கிக்கிட்டதுக்கு ரசீது கேளுங்க, குடுக்க மாட்டேன்னா இறக்கும்போது ரெண்டு பேரை சாட்சிக்கு நிக்க வெச்சு தேதியோட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் அறிக்கைக்கு தேதி குறிங்க, டிராஃப்ட்டை எனக்கு ஒரு தடவை அனுப்புங்க, ஃபீஸ் வேணாம்.